வேலையில்லாத பட்டை

செவ்வாய்ப்பேட்டைச் சாலையோரம்
பழைய இரும்புக்குள் கிடந்தது அந்தப் பெட்டி.
துளையிட்ட தகரப் பட்டைகள், பச்சையும் சிவப்பும்,
டப்பா நிறையத் திருகாணி.
"செட்டு முழுசா இருக்காதுங்க" என்றான்.
இருநூற்று நாற்பது ரூபாய்.

கருப்பூர் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
வெள்ளைக்கல் லாரிகள் ஏறும், நிற்கும், இறங்கும்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
சில நாள் அரைமணி, சில நாள் மூன்று மணி நேரம்.
அதற்குள்தான் பாலம்.

பிரிண்டர் ஒரு கரை.
போன வருஷத்து ரசீதுக் கட்டுகள் மறுகரை.
இடையில் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்,
ஆறு கிடையாது, டீ சிந்திய கறை.

முதலில் கட்டம் கட்டமாகக் கோத்தேன்.
விரல் பட்டதும்
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோல
பக்கவாட்டில் சரிந்தது.
குறுக்கே ஒரு பட்டை கொடுத்தேன்.
சதுரம் இரண்டு முக்கோணமாகி
அடம்பிடித்து நின்றது.

இதைத்தான் அந்தப் பேப்பரில் கேட்டார்கள்.
இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அரியர்.
எது இழுபடுகிறது, எது அமுங்குகிறது,
அம்புக்குறி போடு என்றால்
எல்லா அம்பும் என்னையே பார்த்தன.
இப்போது கேள்வித்தாள் இல்லை.
கீழ்ப்பட்டையைச் சுண்டினால் விண் என்கிறது.
மேல்பட்டை ஊமை.

இடது பக்கம் முடிந்தது.
வலது பக்கத்துக்கு ஒரு சாய்பட்டை குறைந்தது.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்,
துருதான் கொட்டியது.

நான்கு வெள்ளைக்கல்லைப் பையில் போட்டு
நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
மூன்று கிலோ எழுநூறு, டீக்கடைத் தராசில் நிறுத்தது.
(எங்கள் மேடை அறுபது டன் பார்க்கும்,
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.)
கால்பங்கு தூரத்தில்
நெட்டுக்குத்தாக ஒரு பட்டை,
வால் நீட்டிக்கொண்டு, தளர்வாக,
ஆட்டினால் ஆடியது.
ஒரு கிராம்கூடச் சுமக்கவில்லை.
கழற்றினேன்.
சாய்பட்டைக்கு அளவு சரியாக இருந்தது.
பாலம் அசையவில்லை.
எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

ரசீதுக்குக் காத்திருந்த மாதையன்
சன்னலில் முழங்கை ஊன்றிப் பார்த்தான்.
"ஏங்க்கா, லாரி நடுவுலயேவா நிக்கும்?"
கையை உள்ளே விட்டுப்
பையை ஒரு சாண் நகர்த்தினான்.
கீழ்ப்பட்டை பல்லி வயிறாகத் தொங்கியது.
ஒரு திருகாணி தெறித்து
பிரிண்டருக்கு அடியில் ஓடியது.
"இதுல நான் வரலீங்க, சுத்திக்கிட்டே போறேன்."
இருபத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோவோடு
அவன் நிஜமாகவே போய்விட்டான்.

மறுநாள் இரவு
இரும்பாலைச் சுருளைக் கட்டும் நாடாவில்
ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தான்.
"ஆகுமா?"
இழுத்தேன், அசையவில்லை.
தள்ளினேன், காகிதமாக மடங்கியது.
சாய்பட்டைக்கு ஆகாது. அங்கே
சுமை நகர நகர இழுப்பு தள்ளாக மாறும்.
தொங்குகிறதற்கு
தள்ளத் தெரிய வேண்டியதில்லை.
ஆணி வைத்து, வெள்ளைக்கல்லால் தட்டி
இரண்டு துளை போட்டேன்,
அந்த நெட்டுக்குத்து இடத்தில் மாட்டினேன்.

பையை இந்தக் கரையிலிருந்து
மூட்டு மூட்டாக நகர்த்திக்கொண்டு போனேன்.
அது வந்து நின்ற அந்த ஒரு நொடி மட்டும்
நாடா விறைத்தது,
பிறகு மறுபடி சும்மா.
மாதையன் கைதட்டவில்லை, ரசீதைக் கேட்டான்.

நாலரை மணி. சேர்வராயன் பக்கம்
மலை எது, இருட்டு எது என்று பிரியாத நேரம்.
மேடை காலியாக இருந்தது.
பாலத்தை ஏந்திக்கொண்டு ஏறி நின்றேன்.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்: 50.
கீழே வைத்துவிட்டு வந்து நின்றேன்.
50.

ரசீது அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: பாலம், ஒன்று.
நிகர எடை: 0.
கையெழுத்துப் போடுவதற்குள்
கேட்டில் ஹாரன்.