பொறுத்த பிழை

எஸ்தோனியாவில், டார்ட்டு நகரில், பிப்ரவரி.
ஆறு உறைந்து நடைபாதையாகிவிட்டது.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில் கெர்லி
ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரபணுக்கள்,
எதிரெதிராய் ஓடுபவை.
நடுவில் ஒரு காலத்தில் வெற்றிடம் இருந்தது.
எப்போதோ ஒன்றின் முற்றுப்புள்ளி
ஓரெழுத்துப் பிழையில் அழிந்தது.
வாக்கியம் நிற்கத் தெரியாமல்
அடுத்த வீட்டுக்குள் நுழைந்து
அங்கே தற்செயலாய்க் கிடைத்த ஒரு புள்ளியில்
மூச்சு வாங்கியது.
அழைத்தவரும் இல்லை, துரத்தியவரும் இல்லை.

இப்போது இருநூறு எழுத்து இருவருக்கும் சொந்தம்.
இந்தப் பக்கமிருந்து படித்தால் கைதி.
அந்தப் பக்கமிருந்து படித்தால் திகை.
ஓரெழுத்து தள்ளித் தொடங்கினால்
இன்னொன்றும் இருக்கலாம்,
பலகைக்குள் பல கை இருப்பதுபோல.
அதை இன்னும் யாரும் தேடவில்லை.

சர்க்கரை இருக்கும்வரை முதலாவது பேசும்.
படியெடுக்கும் இயந்திரம்
ஒற்றைத் தண்டவாளத்தில் உருண்டு வர,
எதிரே கிளம்பியது பாதியில் கழன்று விழும்.
தப்பி வந்த நகல்களோ
ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும்.
தழுவிய பின் எதையும் படிக்க முடியாது.
பசி வந்தால் மற்றது வாய் திறக்கும்,
இது அடங்கும்.

ஞாயிறு இரவு, மணி பதினொன்று.
மகன் தானெல் வீடு மாற மாட்டான்,
மாறுவது பெற்றோர்தாம் என்று
மணவிலக்குத் தாளில் எழுதியிருக்கிறது.
ஒரு வாரம் ரைவோ, ஒரு வாரம் கெர்லி.
அவன் இறங்கும்போது அவள் ஏறுவாள்.
படிக்கட்டு குறுகல்;
ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.
யார் என்று இதுவரை பேசி முடிவானதில்லை.

போன மாதம் அவன் குளியலறைக் குழாயைச் சரிசெய்தான்.
வெந்நீர் வலப்பக்கம் போய்விட்டது.
அவள் கை சுட்டுக்கொண்டாள், மூன்று முறை.
தானெல் ஒரே நாளில் பழகிவிட்டான்.

நாற்பது தட்டுகளில்
அந்த இருநூறில் ஓரோர் எழுத்தாய் மாற்றியிருந்தாள்.
முதலாவதற்கு நல்லது செய்த மாற்றம்
இரண்டாவதைக் கெடுத்தது.
பெரும்பாலும் வெறுந்தட்டு.
மூன்றில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள்,
உப்புத் தூவியதுபோல்.

இருவரும் பொறுத்த பிழைதான் பிழைக்கிறது.
இதை அவள் எழுதவில்லை.
குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவே:
ஒன்பது, இருபத்திரண்டு, முப்பத்தொன்று.
திரும்பச் செய்து பார்.

விளக்கை அணைத்தாள்.
காலை ஏழுக்கு அவள் முறை.
வெந்நீர், வலப்பக்கம்.