தண்ணீர்க் கணக்கு

நான்கு நாள் காக்கவைத்த லாரி
செவ்வாய் மதியம் வந்தது.
சம்ப் நிறைந்தது.
மோட்டாரைப் போட்டவர் சி-நான்கு வைகுந்தன்.
போட்டுவிட்டுத் தூங்கிப்போனவரும் அவரே.

மொட்டைமாடித் தொட்டி பொங்கி
விரிசல் தேடி, விரிசல் கண்டு,
மின்விசிறிக் கொக்கி வழியே
என் மேசைக்கு இறங்கியது.
விசைப்பலகையில் விழுந்த முதல் சொட்டுகள்
எதையோ சொல்லப் பார்த்தன.
ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு வரி ஓடியது.
பிறகு திரை அணைந்தது.

அப்போது திறந்திருந்த கோப்பு,
சிரிக்காதீர்கள்,
எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர்க் கணக்கு.
மூன்று வருஷம், பதினாறு வீடு,
எந்தத் தேதி எத்தனை லோடு,
யார் பாக்கி, யார் பாக்கியே இல்லையென்று சண்டை.
சங்கத்தின் பொருளாளர் நான்.
நகல் எடுத்து வைக்காத பொருளாளர்.

பவர் பட்டனுக்குப் போன விரலை
இன்னொரு விரல்தான் தடுத்தது.
சார்ஜரை உருவினேன்.
கூடாரம்போலக் கவிழ்த்துத்
துண்டின் மேல் நிறுத்தினேன்.
அதன் ஓரங்களிலிருந்து
கணக்கில் வராத தண்ணீர்
சொட்டிக்கொண்டே இருந்தது.

அரிசியில் போடு என்றது மாடிப்படி முழுதும்.
பொன்னியா, இட்லி அரிசியா
என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.
மன்னிப்புக் கேட்கத் தெரியாத வைகுந்தன்
ஒரு படி அரிசியோடு வந்து நின்றார்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, வேளச்சேரியில் பறக்கும் ரயில்.
மடியில் துண்டு சுற்றிய பொதி.
எதிர் இருக்கைப் பெண் குனிந்து கேட்டாள்:
"பூனையா?"
ஆமாம் என்றேன்.
சிந்தாதிரிப்பேட்டை வரை
அவள் அதைத் தூங்க விட்டாள்.

ரிச்சி தெரு. மூன்றாம் மாடி.
கைப்பிடி இல்லாத படி.
ஃபர்ஹானா பதினோரு திருகாணிகளையும்
ஒரு பாட்டில் மூடியில் போட்டாள்.
இடுக்கியால் முதலில் எடுத்தது ஓர் அரிசி.
"சோறு வடிக்கவா கொண்டு வந்தீங்க?"

பிறகு வெகுநேரம் பேசவில்லை.
உருப்பெருக்கிக்கு அடியில்
பச்சை வயல் ஒன்று;
அதன் வரப்புகளில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது.

"இது எந்தத் தண்ணி அக்கா?"

லாரித் தண்ணி. நல்ல தண்ணி.
உப்புத் தண்ணி வேண்டாமென்று
லோடுக்கு நானூறு கூடவே கொடுக்கிறோம்.

அவள் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.
"நல்ல தண்ணி காய்ஞ்சா இப்படிப் பூக்காது.
இது போர் தண்ணி.
கடலோர வீட்டு மெஷின் எல்லாம்
இப்படித்தான் வரும்."

பல்துலக்கியை ஆல்கஹாலில் நனைத்து
அந்த உப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.
ஊசி போடும் முன் வரும் வாசனை.
நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
நானூறு, வாரம் இரண்டு லோடு, மூன்று வருஷம்.
விடை வந்ததும்
மறுபடி முதலிலிருந்து பெருக்கினேன்.

வெள்ளிக்கிழமை அது கண் விழித்தது.
கோப்பு அதே வரிசையில் திறந்தது,
எதுவும் நடக்காததுபோல.
ஒரே ஒரு விசை பிழைக்கவில்லை: ந.
விட்டுப்போன செவ்வாய் லோடைப் பதிய
'நல்ல தண்ணீர்' என்று அடித்தேன்.
'ல்ல தண்ணீர்' என்று விழுந்தது.
அழிக்கப் போய், விட்டுவிட்டேன்.

இன்று மறுபடி லாரி.
குழாயைச் சம்புக்குள் இறக்கப் போன தயாளன்
என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து
நின்றார்.
"குடிக்கவாம்மா?"

"இல்லை. கணக்குக்கு."