ஆடிப் புதன்

இல்லாத ஆலை ஒன்றுக்கு
இரவுக் காவல் எனக்கு.

ஸ்ரீ கஞ்சமலை ஜவ்வரிசி ஆலை,
சீரகாபாடி பிரிவு ரோடு.
நேரில் போய்த் தேடினால் சோளக்காடுதான் இருக்கும்.
கம்பி வழியே வருகிறவனுக்கு
பதினேழு கணினி, இரண்டு சர்வர்,
பாக்கி வைத்திருக்கும் மூன்று வியாபாரிகள்,
பூட்ட மறந்ததுபோல் பார்த்துப் பார்த்துத் திறந்துவைத்த
ஒரு பின்கதவு.

ஆட்களையும் நான்தான் பெற்றேன்.
கணக்கு எழுத இருசப்பன்.
கிழங்கு லாரிக்கு எடைபோட செங்கோடன்.
சம்பளப் பட்டியலுக்கு நஞ்சம்மாள்;
அவளுக்கு மட்டும் கொஞ்சம் மறதி வைத்தேன்.
கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதி
அதற்குக் 'கடவுச்சொல்' என்றே பெயரும் வைத்திருப்பாள்.
மற்ற பதினான்கு பேருக்குப் பெயர் வைப்பதற்குள்
விடிந்துவிட்டது.

காலை ஒன்பதுக்கு என் நிரல் அவர்களை எழுப்பும்.
'லோடு வந்தாச்சா?'
'தொட்டி கழுவியாச்சா?'
ஒருவருக்கொருவர் அஞ்சல் அனுப்புவார்கள்.
ஐந்தரைக்கு ஒவ்வொருவராய் அணைவார்கள்.

எங்கள் அலுவலகம் செவ்வாய்ப்பேட்டையில்,
கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
பத்து மணிக்குக் கீழே தட்டும் ஓசை நிற்கும்.
அப்புறம் ஜன்னலில் ஏற்காட்டு மலை, இருட்டுக்குள் இருட்டாக.
எப்போதாவது ஒரு வண்டி ஏறும்.
வளைவில் மறைந்து அடுத்த வளைவில் முளைக்கும்.
எத்தனையாவது கொண்டை ஊசி என்று சொல்லிவிடுவேன்.
ஓட்டுவது யார் என்று கேட்டால்
தெரியாது.

ஆனிக் கடைசியில் அவன் வந்தான்
(அவன் என்பது பழக்கதோஷம்).
முகவரி ருமேனியா என்றது, மறுநாள் பிரேசில்.

வழக்கமாய் வருகிறவர்கள்
வந்ததும் பீரோவை உடைப்பார்கள்.
இவன் வாசித்தான்.
நஞ்சம்மாளின் கோப்பைத் திறந்தான்; சிரித்திருப்பான்.
செங்கோடனின் விடுப்புக் கடிதத்தை,
மகளுக்குக் காது குத்து, இரண்டு நாள் வேண்டும்,
மூன்று முறை திறந்தான்.
அதை எழுதிய இரவு எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
விடுப்பு கேட்டுக் கிடைக்காதவள்
கேட்கிற மாதிரியே எழுதியிருந்தேன்.

தடுக்கவில்லை.
அரைத்த கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டபின்
கை வைக்கக் கூடாது;
கலக்கினால் மாவு தங்காது.
அவன் இறக்கிய கருவிகள், அடித்த கட்டளைகள்,
அடித்து அழித்த பிழைகள்,
ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே
அவன் யோசித்த நேரம்
எல்லாம் மெல்ல அடியில் படிந்தன.
'மூடிடலாமா?' என்பார் மேலாளர் குழந்தைவேலு.
'இன்னும் தெளியல சார்.'

பிறகு
கோட்டை மாரியம்மன் பண்டிகைப் புதன்.
மாவட்டத்துக்கே விடுமுறை. பட்டறை பூட்டு, டீக்கடை பூட்டு.
கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு
வெறுங்காலோடு மாடியேறி
பன்னிரண்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன்.
நஞ்சம்மாளின் திரையில் ஒரு புதுக் கோப்பு.
ஆங்கில எழுத்தில் தமிழ்:

'அக்கா, மாரியம்மன் பண்டிகை அன்னைக்குமா
பதினேழு பேரும் டாண்ணு ஒம்போதுக்கு வருவாங்க?'

ஒரு வரி விட்டு:
'செங்கோடன் பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா?'

பின்கதவை அவனே அடைத்துவிட்டுப் போயிருந்தான்.
நான் அடைத்திருந்தாலும்
அவ்வளவு சுத்தமாக அடைத்திருக்க மாட்டேன்.

காலில் குங்குமமும் சேறும் காய்ந்துகொண்டிருந்தன.
வெகுநேரம் வெட்கமாக இருந்தது.
அதற்கப்புறம்தான் உறைத்தது:
எங்கள் ஊர் விடுமுறை ருமேனியாவுக்கு எப்படித் தெரியும்?
அன்றைக்கு நாமக்கல்லிலேகூடப் பள்ளிக்கூடம் உண்டு.
இன்று சாயங்காலம் கோட்டையில்
என் செருப்புக்குப் பக்கத்தில்
அவன் செருப்பும் கிடந்திருக்கலாம்.

அறிக்கையில் எழுதினேன்:
'தாக்கியவர் பெரும்பாலும் சேலத்துக்காரர்.'
ஒரே வரி. ஆறு வாரத்து மாவு.

அனுப்புவதற்குமுன் நிரலின் நாட்காட்டியைத் திறந்து
அடுத்த ஆடிப் புதனுக்குப்
பதினேழு பேருக்கும் விடுப்பு போட்டேன்.
நாளைக்கு மூடப்போகிற ஆலைதான்.
செங்கோடனுக்கு மட்டும் இரண்டு நாள்.