பேனாவின் வேகம்

போர்ட்டோ நோவோ நீதிமன்றம், இரண்டாம் அறை.
மின்விசிறிக்கு இரண்டே இறக்கை.
நான் எழுத்தர். அவர் நீதிபதி அஹுவேஃபா தோஸு-லாலி.

தீர்ப்பை அவர் வாசிப்பது என் பேனாவைப் பார்த்துத்தான்.
நான் வரி முடிக்கும்வரை அடுத்த சொல்லை
வாய்க்குள்ளேயே வைத்திருப்பார்,
சூடான கிழங்குத் துண்டு போல.

எல்லை தாண்டி வந்த பெட்ரோலைக்
கண்ணாடிப் புட்டியில் விற்ற பெண்ணுக்கு ஆறு மாதம்.
'ஆறு' என்றபின் நெடுநேரம் ஒன்றுமில்லை.
நான் எப்போதோ எழுதி முடித்திருந்தேன்.
அன்று மட்டும் தாமதம் என்னுடையதில்லை.

அடுத்த ஆண்டு அங்கியைக் கழற்றிவிட்டுத் தேர்தலில் நின்றார்.
சட்டத்தை வாசித்தது போதும், திருத்தப் போகிறேன் என்றாராம்.
வானொலியில் கேட்டேன். யாரோ போல ஓடும் பேச்சு,
மூச்சுக்கு இடமில்லை, கைதட்டலுக்கு மட்டும் உண்டு.
மேசைமேல் என் விரல்கள் துரத்தித் தோற்றன.

இரண்டு முறை நாடாளுமன்றம். நடுவில் அமைச்சர், பதினான்கு மாதம்.
புட்டி மசோதா குழுவுக்குப் போனது;
குழுவிலேயே இருக்கிறது.
மூன்றாம் முறை கட்சிப் பட்டியலில் பெயரே இல்லை.

இன்று வந்திருந்தார்,
பக்கத்து வீட்டுச் சுவர் வழக்கில் வாதியாக.
சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில்,
மஞ்சள் சட்டை மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் இருவருக்கு நடுவே.
புதிய நீதிபதி சின்னப் பையன்.
தலை நிமிராமல் கேட்டான்:
பெயர்?

அறைக்கே தெரிந்த பெயர்.
நான் எழுதவில்லை. மூடியைத் திறந்து காத்திருந்தேன்.
அவர் அவனைப் பார்க்கவில்லை.
என் கையைப் பார்த்து
ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி,
சொன்னார்.