பந்தலுக்கா, பாடைக்கா

எங்கள் கடையில் கேட்பது ஒரே கேள்வி:
பந்தலுக்கா, பாடைக்கா?
பந்தல் என்றால் காய்ந்த கழி, வாடகைக்கும் உண்டு.
பாடை என்றால் பச்சை, விலைக்கு மட்டும்.
மயிலாடுதுறையில் இருபத்திரண்டு வருடமாக
இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான்
நான் பில் போடுகிறேன்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள்
காரைக்கால் வண்டி ஒன்று வந்து நின்றது.
ஓட்டி வந்த லூர்துரெத்தினத்துக்கு
அப்பாவின் பென்ஷனோடு வந்த பிரெஞ்சு கொஞ்சம் உண்டு.
பின்சீட்டிலிருந்து இறங்கியவர் ஹைட்டிக்காரர்,
பெயர் தியேசெல்.
துண்டை விலக்கி ஒரு மூங்கில் குழாயைக் காட்டினார்.
நெடுக வெடித்திருந்தது.
விமானத்தின் வயிற்றுக் குளிர் அதற்கு ஆகவில்லையாம்.

பந்தலுக்கா, பாடைக்கா என்றேன்.
லூர்துரெத்தினம் எப்படியோ கேட்டுவிட்டான்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
தெருவுக்கு, என்றார்.

நாலு குழாய், ஆளுக்கு ஒன்று.
ஒரு குழாய்க்கு ஒரே சுரம்.
முறை வந்தால் ஊத வேண்டும்,
வராதபோது அதன் முதுகில் குச்சியால் தட்டிக்கொண்டு
நடக்க வேண்டும்.
நாலு பேரும் சேர்ந்தால்தான் பாட்டு.
மூன்று பேர் மட்டும் வந்தால்?
உதட்டைத் தூக்கி
கடைவாயில் பல் போன இடத்தைக் காட்டினார்.

காணாமல்போன சுரத்தைத் தொண்டைக்குள் முனகியபடி
ஒவ்வொரு கழியாக விரல் முட்டியால் தட்டிப் போனார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
பச்சை வாயே திறக்கவில்லை.
பந்தல் கழி கரகரத்தது.
கடைசியில் மூலையில் நின்றதைத் தொட்டார்.

அது உத்திராபதிக்கு வாங்கியது.
சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்த்தவர்.
புரட்டாசியில் மூச்சு நின்றதென்று
இரண்டு கழி எடுத்துப் போனார்கள்.
ஒன்றை அறுத்து முடிப்பதற்குள்
காபி கேட்டிருக்கிறார்.
மற்றது திரும்பி வந்தது.
திரும்பி வந்த பாடை மூங்கிலை யார் வாங்குவார்?
காசைத் திருப்பித் தந்ததற்கு
என் அண்ணன் இன்னும் பேசுகிறான்.

சொல்லாமல் விற்க மனம் வரவில்லை.
லூர்துரெத்தினத்தின் பிரெஞ்சு
பாடையில் தடுக்கி நின்றது.
தோளில் தூக்கி நடந்து காட்டினான்.
தியேசெல் பார்த்தார்,
இன்னொரு முறை தட்டினார், இதேதான் என்றார்.

இரண்டு முழம் அறுத்து
காய்ச்சிய கம்பியால் கணுக்களைத் துளைத்தோம்.
புகை இனித்தது. அவர் மூக்கை உறிஞ்சி
கரும்பா, என்று கேட்டார்.

ராத்திரி கலையரங்கத்தில்
கியூபாக்காரர் மூவர் மடியில் இருமுக மேளங்கள்,
பெரியதன் பெயர் அம்மா என்று மைக்கில் சொன்னார்கள்.
மாலியிலிருந்து வந்த ஃபாந்தா
முன் வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும்
கடன் வசூலிப்பதுபோல் கை நீட்டிப் பாடினாள்.
அவள் தம்பி பெரிய சுரைக்குடுக்கையை அணைத்துக்கொண்டு
இருபத்தோரு நரம்புகளையும் கட்டைவிரல், சுட்டுவிரலாலேயே
சமாளித்தான்.
எனக்குப் பக்கத்தில் மூன்று தவில்காரர்கள்.
திஸ்ரம் என்றார் ஒருவர். சதுஸ்ரம் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் தொடையில் போட்டுப் பார்த்து
இரண்டும்தான்டா என்று இருவரையும் திட்டினார்.

பிறகு நாலு மூங்கில்.
எங்கள் கழியை ஒரு சின்னப் பெண் வைத்திருந்தாள்.
எட்டுக்கு ஒரு தரம் ஊம் என்றது,
தூக்கத்தில் யாரோ பதில் சொல்வதுபோல.
நான்காம் வரிசையில் மப்ளரோடு உத்திராபதி.
அது என்ன வாத்தியம் என்று கேட்கிறார்,
மகன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஊதிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார்கள்.
நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஊர் பின்னால் போனது.
மணிக்கூண்டு வரைக்கும் போக்குவரத்து இல்லை.
நாலு பேர் முன்னே போக
உத்திராபதி நடந்தார்,
மப்ளர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க,
தன் காலில்.

மீதிக் கழி மூலையில்தான் இருக்கிறது.
நேற்று ஒருவர் கட்சிக் கொடி கட்டப் பார்த்தார்.
நீளம் போதாது என்று வைத்துவிட்டுப் போனார்.