படிக்காதது 1

ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது முன்னே,
எந்தத் தளத்துக்குப் போனாலும், ஓர் ஓரத்தில்.
எடுத்துவிட்டார்கள்.
ஓடையை அடைக்கவில்லை,
பலகையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

செய்தித்தாள் முகவரியின் வாலில்
ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று தட்டினால்
சிலது திறக்கும்.
சிலது நானூற்று நாலு.
சிலதுக்கு வேறு வால்.
ஆர்எஸ்எஸ் என்று குடோனில் சொன்னபோது
எந்தக் கட்சிலே நீ என்று கேட்டார்கள்.
அதிலிருந்து ஓடை என்றே சொல்கிறேன்.

முக்கூடலில் பீடி குடோன். நான் செக்கர்.
இலை நிறுத்துப் போடுகையில் ஒன்றை எடுத்து
முதுகைத் திருப்பி நரம்பு பார்ப்பேன்.
முன்பக்கம் எல்லா இலையும் ஒரே மினுக்கம்தான்.
அந்தப் பழக்கத்தில்தான் ஒருநாள் ராத்திரி
கண்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினேன்,
சேர்மத்துரையின் பக்கத்தில்.

சேர்மத்துரை என் தம்பி.
மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். காணொளி போடுகிறான்.
கேஸ் லீக், கெப்பாசிட்டர் மாற்றுவது,
அவுட்டோர் யூனிட்டில் பல்லி செத்தால் என்ன செய்வது.
மூணு சென்ட் இடத்துக்காக
அஞ்சு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவனைப் பின்தொடர்கிறவர்கள் அறுநூற்றுப் பதினொரு பேர்.
மணியை அழுத்தினால் பன்னிரண்டு ஆகும்.
அந்த ஒன்று யாரென்று
தெரியாது அவனுக்கு. ஆனாலும்
ஒன்று ஏறியது தெரியுமே.

பக்கத்தின் முதுகில் ஒரே புதர்.
அடைப்புக்குறி, அம்புக்குறி, அரைப்புள்ளி.
தேடினேன்.
யூசி என்று தொடங்கி இருபத்துநாலு எழுத்து,
அரசாங்கம் கொடுத்த நம்பர் மாதிரி அவனுக்கு ஒன்று.
தாளில் எழுதி, சரிபார்த்து,
ஒரு பெரிய எஸ்ஸைச் சின்ன எஸ்ஸாக எழுதி ஏமாந்து,
இரண்டாம் தடவை திறந்தது.
படமில்லை, விளம்பரமில்லை,
இதையும் பாருங்கள் என்று ஒருவனும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.
தலைப்பு, தேதி, தலைப்பு, தேதி.
வாசிப்புச் செயலியில் சேர்த்துக்கொண்டேன்,
பாபநாசம் அணை நீர்மட்டத்துக்குக் கீழே.

மாசத்துக்கு ரெண்டு வரும்.
அவன் வேலை செய்கிறான், சாப்பிடுகிறான்,
சளி பிடித்திருக்கிறது, மீசையை எடுத்துவிட்டான்.
எனக்கு அது போதும் என்றிருந்தேன்.

போன புதன்கிழமை காலையில்
அணை நூற்றுப் பதினாலு அடி.
அதன் கீழே தடித்த எழுத்தில்:
'அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்.'
நேரம் ராத்திரி ஒன்று நாற்பது.

தொட்டேன்.
இந்தக் காணொளி கிடைக்கவில்லை.

அவன் பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் இல்லை.
போட்டிருக்கிறான், விடியுமுன் எடுத்துவிட்டான்.
இடையில் என் செயலி வந்து
தலைப்பை மட்டும் மொண்டுகொண்டு போயிருக்கிறது.

அவனுக்கு எல்லாரும் அண்ணன்தான்.
கோயம்புத்தூர்க்காரனும் அண்ணே, சிலோன்காரனும் அண்ணே.
எவனாவது கம்ப்ரஸர் பற்றிக் கேட்டிருப்பான்.
இருக்கும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று,
ஆலங்குளம் பத்திர ஆபீஸ் வாசலில், நாலு பேர் முன்னால்:
உனக்குச் சோறு போட்டது யாருலே?

அன்றைக்கு உச்சிமாகாளி கொண்டுவந்த கட்டை
மூணு தரம் எண்ணினேன்.
மூணு தரமும் வேறு வேறு கணக்கு.
தூக்கம் கெட்ட கையில எண்ணக்குடுத்தா
எங்கூலி என்னத்துக்கு ஆகும், என்றாள்.

எத்தனை நிமிஷம் பேசினான் என்று ஓடையில் இல்லை.
கோபமாகவா, சிரித்துக்கொண்டா, அதுவும் இல்லை.

படித்ததாகக் குறிக்கவா என்று
தினமும் கேட்கிறது செயலி.
இன்றைக்கு அணை நூற்றுப் பதினாறு.
அது மட்டும் இன்னும்
தடித்த எழுத்தில்.