வட்டமும் ஐந்து கோடும்

பழுதான கொப்பித் தாளின் பின்பக்கம்தான் என் பலகை.
மை பரவியது, மூலை கறுத்தது,
பாதியில் கரண்ட் போனது
எல்லாம் அடுக்கிவைத்திருக்கிறேன்.
ஒரு வட்டம், ஐந்து கோடு,
ஆள் தயார்.
உடுப்பு இல்லை, மூக்கு இல்லை, சாதி இல்லை.
கண் மட்டும் போடுவதே இல்லை.
போட்டால் என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்,
எனக்கோ நாலு கட்டத்துக்குள் அவனைக் கொல்லவேண்டியிருக்கிறது.

கடை, கச்சேரிக்குப் போகிற வழியில்.
வெளியூர்க்காரர் குழம்பவேண்டாம்,
மட்டக்களப்பில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர்.
இங்கே பாடுவது மீன் மட்டும்.

அதையும் கீறியிருக்கிறேன்.
பறுவம். தோணிக்கு ஒரு வளைகோடு.
துடுப்பைத் தண்ணீரில் விட்டு
அதன் காம்பில் காதை வைக்கிறான் ஆள்
(காது இல்லை, தலையைச் சாய்த்துவிட்டேன்).
மீன் சொல்கிறது:
"பாடல்ல மனே. பேர் வாசிக்கிறம்."
மூன்றாம் கட்டம்: "என்ட பேர் வந்திட்டா?"
நான்காம் கட்டம்: "வரிசையில நில்லு."
மேலே கல்லடிப் பாலம். அது ஒரு நேர்கோடு, அடிமட்டம் வைத்தேன்.

மறுகா ஒருவன்
தான் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் கேட்டுப் போகிறான்.
"மரணச் சான்றிதழ் அசலும் ரெண்டு கொப்பியும்
கொண்டு வாங்க."
பகிடி என்றுதான் கீறினேன்.
அடுத்த கிழமை ஒருவர் கடைக்கு வந்து
அப்படியே ஒரு கடிதத்தை நீட்டினார், கொப்பி எடுக்க.
என் படத்தில் திருத்த ஒன்றுமில்லை,
முத்திரைதான் விடுபட்டிருந்தது.

உன்னிச்சைப் பக்கத்து யானைக்கும்
அதே வட்டம், அதே ஐந்து கோடு. ஐந்தாவது தும்பிக்கை.
மின்வேலிக்கு இரண்டு கோடு.
கதை இரண்டாம் கட்டத்திலேயே முடிந்துபோனது.
மிச்ச இரண்டிலும்
வேலிக்காரன் நட்டஈட்டுப் படிவம் நிரப்புகிறான்:
சேதம், கம்பி, பதினொரு முழம்.

கிரானிலிருந்து வந்தவரின் பெயர் பேரின்பம்.
சிரிக்கவேண்டாம், நான் வைத்த பெயரில்லை.
கையில் தம்பியின் அடையாள அட்டைக் கொப்பி.
கொப்பியின் கொப்பியின் கொப்பி,
முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.
"கதிராமன். தொண்ணூறில போனவன்.
வேற படம் இல்ல தங்கச்சி.
நீங்க கீறுவீங்களாமே."

எனக்கு இது மட்டும்தான் வரும் என்று
வட்டத்தைக் காட்டினேன், கோடுகளைக் காட்டினேன்.
போய்விடுவார் என்று நினைத்தேன்.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"அவனுக்கு இடக்கால் கொஞ்சம் கட்டை.
மாடு மிதிச்சது."

இடக்காலைக் கொஞ்சம் கட்டையாக்கினேன்.

நெடுநேரம் பார்த்தார்.
மெஷின் சூடாறுகிற சத்தம்.
பிறகு, எப்படிச் சொல்வது,
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மனிசன்.
"அவன்தான் புள்ள. இந்தா, ஓட வெளிக்கிடுறான்."
இரண்டு கொப்பி கேட்டார்,
ஒன்று வீட்டுக்கு, ஒன்று கச்சேரிக்கு.
நாற்பது ரூபாய். மிச்சக் காசையும் எண்ணித்தான் வாங்கினார்.

பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்தார்.
மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது:
முகம் தெளிவில்லை.

அன்றிரவே கீறினேன்.
மேசைக்கு மூன்று கோடு, கதிரைக்கு நாலு,
பின்னால் உத்தியோகத்தர், அவருக்கும் வட்டம்தான்.
முகமில்லாத ஒன்று
முகமில்லாத ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது.
நான்காம் கட்டம் வெறுமை.
அதில் என்ன போடுவதென்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த தவணைக்கு வந்த பேரின்பம்
அதை மேசையில் கண்டுவிட்டார்.
வாசித்து முடித்து, விரலால் தட்டினார்.
"பிழை விட்டிட்டீங்க.
கந்தோர்க்காரனுக்கும் கால் கட்டையா இரிக்கி."

குனிந்து பார்த்தேன்.
அவனுக்கு மட்டுமில்லை.
வரிசையில் நிற்கிறவர்கள், வாசல் காவலாளி,
தோணியில் இருப்பவன்,
நேற்றுச் சும்மா கீறிய அந்த யானை
எல்லாருக்கும்.

"கைப்பழக்கம் ஐயா" என்றேன்.
"அதுக்கென்ன," என்றார்,
"ரெண்டு கொப்பி தாங்க."